அறுநூற்று நாற்பதாவது முகம்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. இனி ஒரு மாதத்துக்கு நான் மனிதனில்லை. மெட்ரிக் பள்ளியின் அடையாள அட்டை வேலை இந்த வருடமும் நம் ஸ்டுடியோவுக்குத்தான். மொத்தம் அறுநூற்று நாற்பது பிள்ளைகள். அறுநூற்று நாற்பது முகங்களை எடுத்து, வெட்டி, திருத்தி, அச்சடித்துக் கொடுக்க வேண்டும். முழங்கால் வலி போன வாரமே முன்பதிவு செய்துவிட்டது.

இந்த டைரியை உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தார். இதுவரை ஒரு வரி எழுதவில்லை. கணினி தன் வேலையைச் செய்யும்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எரிகிறது. அந்த நேரத்தில் இதில் எதையாவது எழுதலாம் என்று எடுத்திருக்கிறேன்.

மகள் நறுமுகைக்கு அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஐந்து வரைக்கும் சின்னக் கட்டடம், இந்த வருடம் முதல் பெரிய கட்டடம். புது வாசல், புது ஆசிரியர்கள். மாலை வந்ததும் பையை வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். அரை மணி நேரமாகியும் வரவில்லை. சுகந்தி கதவைத் தட்டினால், "மூஞ்சி கழுவுறேம்மா" என்று பதில் வந்தது. துறையூர் வெயிலுக்குக் கழுவட்டும்.

ஜூன் 12, புதன்

பள்ளிக்கே போய்ப் படம் எடுக்கும் வேலை இன்று தொடங்கியது. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். தலையைத் தூக்கு, தோளை இறக்கு, பல்லைக் காட்டாதே. மாலைக்குள் இந்த மூன்றையும் தவிர எனக்கு வேறு தமிழ் மறந்துபோயிற்று.

தாளாளர் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"போன வருசம் மாதிரியே பளிச்சுனு வந்துரணும். வீட்டுல பாத்தா சந்தோசப்படணும்."

"வந்துரும் சார்."

வராமல் எங்கே போகும். ஒன்பது வருடத்துக்கு முன்பு கணினியில் நானே செய்து வைத்த ஏற்பாடு அது. விசைப்பலகையில் எஃப் ஐந்தை ஒரு தட்டு தட்டினால் போதும். வியர்வை, தழும்பு, பரு எல்லாம் போய், முகம் இரண்டு படி வெளுத்துவிடும். எல்லா ஸ்டுடியோவிலும் இது உண்டுதான். ஆனாலும் என் கை பட்டால் அடுப்புக்கரியும் கல்கண்டாகும் என்று ஊரில் ஒரு பேச்சு. பெண்ணுக்கு ஜாதகத்தோடு கொடுக்கும் படம் என்றால் முசிறியிலிருந்துகூட இங்கே வருகிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

இன்று ஆறாம் வகுப்பு. காலையிலேயே நறுமுகைக்கு வயிற்றுவலி, பள்ளிக்குப் போகவில்லை. அவளில்லாமலே அவள் வகுப்பை எடுத்து முடித்தேன். பரவாயில்லை. வீட்டின் முன்பகுதிதான் ஸ்டுடியோ. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முன்வரிசைப் பையன் ஒருவன், "அங்கிள், நறுமுகை போட்டோவுக்கு வரமாட்டாளா?" என்று கேட்டான். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகளுக்குச் சிரிக்கக் காரணமா வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

டாக்டரிடம் காட்டியாயிற்று. வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். இன்றும் லீவு.

ஜூன் 15, சனி

மதியம் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். ஒரு நிமிட வேலைதான். தலைவலி என்றாள். நேற்று வயிறு, இன்று தலை. சரி, நாளை பார்க்கலாம் என்று விட்டேன். நாளை உப்பிலியபுரத்தில் கல்யாண வேலை இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 18, செவ்வாய்

பகல் முழுக்க முகம் வெட்டும் வேலை. பதினொன்றரைக்குக் கரண்ட் போய் இரண்டு மணிக்கு வந்தது. சேமிக்காமல் விட்ட நாற்பது முகங்களை மறுபடியும் வெட்டினேன்.

போன மாதம் வாங்கிய பெரிய பவுடர் டப்பா அதற்குள் காலி என்று சுகந்தி வந்து நின்றாள். தீர்ந்தால் இன்னொன்று வாங்கு என்றேன்.

"வெசயம் அது இல்லைங்க. அவ கழுத்து, கையி, காது மடல் வரைக்கும் பூசிக்கிட்டுப் போறா. நீங்க பாக்கவே இல்லையா?"

பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு ஆள் வந்துவிட்டார். பிறகு பேசலாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

நறுமுகையின் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். வகுப்பில் கையே தூக்குவதில்லையாம். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறாளாம். தானாகவே கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாளாம். போன வருடம் காலை வணக்கக் கூட்டத்தில் முன்னால் நின்று பாடியவள். இந்த வருடம் கூப்பிட்டதற்கு, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள்.

"வீட்ல எதாவது பிரச்சினையா சார்?"

"எங்க வீட்ல என்ன மிஸ் பிரச்சினை. ஒத்தப் புள்ள, தாங்கு தாங்குனு தாங்குறோம்."

அவர், "அப்ப மொத நாள் கேட்ல நடந்தது உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார்.

தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புது அட்டை வரும்வரை பிள்ளைகள் போன வருடத்து அட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போக வேண்டும். பெரிய கட்டட வாசலில் விளையாட்டு ஆசிரியர் நின்று ஒவ்வொருவருடைய அட்டையையும் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். நறுமுகையின் அட்டையைப் பார்த்தவர், "இது யாரு கார்டு? உன்னோடது எங்க?" என்று கேட்டிருக்கிறார். என்னுடையதுதான் சார் என்றிருக்கிறாள். அவர் நம்பவில்லை. வேறு யாருடைய அட்டையையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டார். ஆறாம் வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. பழைய ஐந்தாம் வகுப்பு மிஸ் வந்து, இவள்தான் அவள் என்று சொன்ன பிறகே விட்டார்களாம்.

அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'டூப்ளிகேட்' என்று பெயர்.

பத்து நாள் ஆகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை வாசலில் நிற்க வைத்திருக்கிறான் ஒருவன், நான் ஊரான் பிள்ளைகளுக்கு முகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நாளை போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

போனேன். சாட்சிக்கு அவள் பையிலிருந்து அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

விளையாட்டு ஆசிரியர் பெயர் ஸ்டீபன். சின்ன வயதுக்காரர். நான் கத்தியதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"விசாரிக்காம நிக்க வெச்சது என் தப்புதான் சார். பாப்பாகிட்ட அன்னைக்கே மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்குறேன்."

அவர் மேசையிலிருந்த அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"ஆனா இந்தப் படத்துல இருக்குற புள்ளய நான் பாத்ததில்ல சார். நீங்க பாத்திருக்கீங்களா?"

அச்சு இயந்திரத்தில் மை சரியாக இறங்காவிட்டால் நிறம் மாறிப்போகும். போன வருடம் அப்படி ஆகியிருக்கலாம். அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். திரும்பி வரும்போது சண்டை போட ஆளே இல்லாமல் போய்விட்டது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 22, சனி

பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவது எப்படி என்று போனில் ஒரு காணொளி பார்த்தேன். பாராட்ட வேண்டுமாம். காலைச் சாப்பாட்டின்போது நறுமுகையிடம், "இந்த ஊர்லயே நீதான் பாப்பா அழகு" என்றேன். சந்தை கலையும் நேரத்தில் சொத்தைக் கத்தரிக்காய் விற்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 23, ஞாயிறு

அடுக்களையில் சுகந்தி கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், முல்தானி மட்டி எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"நாலு வயசுலேருந்து ஞாயித்துக்கெழம ஆனா இதத்தான் பூசி ஒக்கார வெச்சேன். காயிற வரைக்கும் சிரிக்கக் கூடாதும்பேன். கருப்பா இருந்தாலும் களையா இருக்கடினு வேற சொல்லுவேன். நல்ல வார்த்தனு நெனச்சுத்தாங்க சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பக்கம் நான் ஒத்துக்கிட்டேன். நீங்க உங்க பக்கத்தச் சொல்லுங்க."

"என்ன சொல்லணும்? அது மை கோளாறுனு சொன்னேன்ல."

"நம்ம கல்யாண ஆல்பத்துலயும் மை கோளாறா?"

அவள் பேச்சு எங்கெங்கோ போகிறது. கல்யாண ஆல்பத்தில் ஜோடி ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று கொஞ்சம் சரிசெய்வது வழக்கம். எல்லோரும் செய்வதுதான். பெண் பார்க்கப் போன அன்று அவள் சித்தப்பா, 'லைட்டப் போடுங்கப்பா, மாப்ள எங்க இருக்காருனு தெரியல' என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பதினான்கு வருடம் ஆகிறது. அவர் அன்று பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தார். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

நறுமுகை தானாக ஸ்டுடியோவுக்குள் வந்தாள். படமெடுக்க வந்திருக்கிறாளாக்கும் என்று கேமராவை எடுத்தேன். அதற்கில்லை என்றாள்.

"அப்பா, என் போட்டோவெல்லாம் காட்டு. நீ மாத்துறதுக்கு முன்னாடி எடுத்தது."

அவள் பெயரில் தனி ஃபோல்டர் உண்டு. திறந்தேன். மூன்றாம் பிறந்த நாள், குலதெய்வம் கோவிலில் காதுகுத்து, ஆண்டுவிழாவில் மயிலாட்டம், போன தீபாவளி. எல்லாம் திருத்தியவை. திருத்தாததைத் தேடினேன். பழைய ஹார்டு டிஸ்க்கில் தேடினேன். அலமாரியிலிருந்த சீடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சுகந்தியின் போனை வாங்கிப் பார்த்தேன். அதில் எடுக்கும்போதே முகத்தை வெளுக்க வைக்கும் வசதி ஒன்று நிரந்தரமாகப் போட்டுக் கிடக்கிறது. போட்டுக் கொடுத்தது நான்தான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"இடம் பத்தாதுனு அப்பப்ப ஒரிஜினல அழிச்சுருவேன் பாப்பா."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இனிமேதான் எடுக்கணும்."

"அப்ப நான் எதுலயுமே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வாரத்துக்கு இரண்டு கல்யாணம், ஒன்றுக்கு மூவாயிரம் படம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா. நான் என்ன வேண்டுமென்றா அழித்தேன். சோர்வாக இருக்கிறது. இன்று வேறு வேலை ஓடவில்லை, கடையைச் சாத்திவிட்டேன்.

ஜூன் 26, புதன்

மை கோளாறு இல்லை.

ஜூன் 28, வெள்ளி

அறுநூற்று முப்பத்தொன்பது படங்களையும் எஃப் ஐந்தைத் தொடாமல் முடித்தேன். ஒரு தட்டில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் ஆயிற்று. வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, பிள்ளை நேரில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பையனுக்குப் புருவத்தில் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே இடத்தில் மச்சம். ஒன்பது வருடமாக இவர்களை எடுக்கிறேன், இதையெல்லாம் இப்போதுதான் பார்க்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை. முதுகு ஒடிந்துவிட்டது.

ஜூலை 1, திங்கள்

மாதிரித் தாளைத் தாளாளர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது. பசங்க எல்லாம் வெயில்ல காஞ்ச மாதிரி இருக்கு."

"வெயில்லதான சார் இருக்காங்க."

"பளிச்சுனு வேணும்னு சொன்னேன்ல. முடியலன்னா சொல்லுங்க, பெரம்பலூர்ல குடுத்துக்குறேன்."

போகிற வேலையைக் கெஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஆள்தான் நான். இன்று ஏனோ கெஞ்ச வரவில்லை. அல்லது அதற்கும் தெம்பில்லை.

"குடுங்க சார். ஆனா கேட்ல நின்னு பாக்குறவருக்கு அடையாளம் தெரியத்தான கார்டு. எம் பொண்ணு கார்ட நாந்தான் வெளுக்க வெச்சேன். அதப் போட்டுட்டு வந்துதான் அவ வெளிய நின்னா. எல்லாரும் அவள டூப்ளிகேட்டுங்குறாங்க. இன்னொரு புள்ள அப்படி நிக்க வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் மாதிரித் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"பேரண்ட்ஸ் எவனாவது கேட்டா உங்க நம்பரக் குடுத்துருவேன்" என்றார் கடைசியில்.

"குடுங்க சார்."

ஜூலை 4, வியாழன்

நம்பரைக் கொடுத்துவிட்டார். நேற்று அட்டைகள் வீடுகளுக்குப் போயின. இன்று மதியத்துக்குள் பதினோரு போன். 'எம் பையன் கலரையே கெடுத்துட்டீங்களே' என்று ஒரு அம்மா கால் மணி நேரம் திட்டினார். நேரில் பையன் என்ன கலர் என்று கேட்டேன். வைத்துவிட்டார். இன்னொருவர், பொன்னுசங்கம்பட்டிக்காரர், அதே படத்தில் இன்னொரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். காரணம் கேட்கவில்லை, போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

ஒரு பிள்ளைக்கு மட்டும் இன்னும் அட்டை வரவில்லை என்று பள்ளி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். தெரியும் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலை பத்து மணி. வாடிக்கையாளர் யாருமில்லை, லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக நறுமுகை பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். முகத்தில் பவுடர் இல்லை. எழுந்து விளக்குகளைப் போட்டேன்.

"அப்பா, எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"மூக்கு, கண்ணு, கலரு எல்லாத்துலயும் நான் உன்ன மாதிரினுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அப்பாவ உரிச்சு வெச்சிருக்குனு. எனக்கு அது புடிக்கும்." தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "நீ ஏன் அத அழிச்ச?"

என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. தாளாளர் கேட்டார், ஊர் வழக்கம், தொழில். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை, என் மூக்கை வைத்துக்கொண்டு, என் கண்ணாலேயே என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எனக்குப் புடிக்கல பாப்பா" என்றேன். "உன்னச் சொல்லல. என் மூஞ்சி எனக்குப் புடிக்கல. சின்ன வயசுலேருந்தே. அது உம் மூஞ்சில வந்து நின்னத பாத்தா பயமா இருந்துச்சு. எனக்குச் சொன்னதெல்லாம் உனக்கும் சொல்லுவாங்களேனு. கை தானா போயிருச்சு."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. யோசித்தாள்.

"யாரு சொன்னா?"

"நெறயப் பேரு."

"இப்பவும் புடிக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமாக அதைத்தானே நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருந்தேன்.

"இப்பவும் கொஞ்சம் அப்படித்தான். பழகணும்."

"சரி, எடு" என்றாள்.

எடுத்தேன். ஒன்றே ஒன்று. கணினியில் போட்டுத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். இருபது வருடமாக மனிதர்களுக்கு அவர்கள் முகத்தைக் காட்டித்தான் பிழைக்கிறேன். இவ்வளவு பயந்து எவர் முன்னாலும் இருந்ததில்லை.

"நல்லால்ல" என்றாள்.

விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு. கண்ணு பாதி மூடிருக்கு, தூங்கி எந்திரிச்சு வந்தவ மாதிரி. என்னப்பா போட்டோ எடுக்குற நீ." திரும்பிப் போய் ஸ்டூலில் ஏறினாள். காலரை நீவிவிட்டுக்கொண்டாள். "இன்னொண்ணு எடு. இந்தத் தடவ ஒழுங்கா எடு."

எடுத்தேன்.